உட்கார்ந்து எடுத்த அளவு

இதனால் சகலவிதமான ஓட்டக்காரர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: மனித குலம் குகையை விட்டு வெளியே வந்த நாள்தொட்டு எதிர்கொண்ட கேள்விகளிலெல்லாம் தலையாயதான, 'குளிர்காலத்தில் ஓட மெல்லிய அடி கொண்ட ஷூக்களில் எதைத் தேர்ந்தெடுப்பது' என்னும் கேள்விக்கு விடை காணும்பொருட்டு, வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தலைவர் இல்லத்தில் ஆலோசனைக் கூட்டம் நடைபெறும். அனைவரும் தவறாது வருக. காலணிகளை வாசலிலேயே கழற்றிவிடவும்.

பதினான்கு கைப்பேசிகளில் இந்த அறிவிப்பு ஒரே நொடியில் வந்து விழுந்தது. அனுப்பியவர்கள் 'விடியல் வீரர்கள்' ஓட்டக் குழுவின் நிறுவனர், தலைவர், செயலாளர், கொள்கை பரப்பாளர் ஆகிய நால்வர். நால்வரும் ஒரே ஆள்தான். காப்பீட்டு நிறுவனக் கிளை ஒன்றின் மேலாளர். மற்றவர்களின் சாவைப் பற்றி முப்பது வருஷம் சிரித்த முகத்தோடு பேசிப் பழகியவருக்கு ஷூவைப் பற்றிப் பேசுவதா பெரிய காரியம்?

பதின்மூன்று பேர் கட்டைவிரல் படம் ஒன்றைத் தட்டிவிட்டுத் திரும்பிப் படுத்தார்கள். பதினான்காவது ஆளுக்கு மட்டும் தூக்கம் போயிற்று. அவர்தான் பல்லவர்.

பல்லவர் என்றதும் ராஜ வம்சம் என்று நினைத்துவிட வேண்டாம். பல் மருத்துவமனை ஒன்றின் கீழ்த்தளத்தில் இருபத்தெட்டு வருஷமாகப் பல்செட்டு செய்கிறவர். குழுவில் யாரோ வைத்த பெயர், போட்ட பல்செட்டு மாதிரி கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. வீட்டில் மனைவிகூட எரிச்சல் வந்தால், "மகாராஜா எழுந்தாச்சா? அரண்மனையில பால் தீந்துபோச்சு" என்பாள். தலைவர் அந்த மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். ஆகவே பல்லவருக்கு மச்சான். இருபத்தேழு வருஷமாக அவரை 'மாப்பிள்ளை' என்று தோளில் தட்டியே பேசுகிறவர்.

பல்லவருக்குத் தூக்கம் போனதற்குக் காரணம் மனித குலமல்ல. அவருடைய மகள்.

கீழ்த்தளத்துக்கு ஜன்னல் கிடையாது. சுவர் நெடுகப் பலகைகள். பலகைகளில் வரிசை வரிசையாக பிளாஸ்டர் தாடைகள், ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு டோக்கன் எண். மேல்தளத்தில் டாக்டர்கள் வாயைத் திறக்கச் சொல்லி, இளஞ்சிவப்பு மாவில் அச்சு எடுத்துக் கீழே அனுப்புவார்கள். பல்லவர் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் அடுக்கி, தேய்த்து மெருகேற்றி மேலே அனுப்புவார். பொருத்தம் சரியாக இருந்தால் நோயாளி டாக்டரைக் கும்பிடுவார். சரியாக இல்லாவிட்டால் டாக்டர் கீழே போன் போடுவார். இதுதான் அந்தக் கட்டடத்தின் சமூக அமைப்பு.

ஆகவே தன் பெண் மேல்தளத்துக்குப் போகவேண்டும் என்று பல்லவர் ஆசைப்பட்டார். பல் மருத்துவத்தில் சேர்த்தார். இரண்டு வருஷம் படித்துவிட்டு அவள் ஒருநாள் சொன்னாள்: "நாள் பூரா அடுத்தவங்க வாய்க்குள்ள பாத்துக்கிட்டு இருக்க என்னால முடியாதுப்பா. எனக்கு ரோட்டப் பாக்கணும்." கனரக வாகன உரிமம் எடுத்து, பேருந்து ஓட்டுநராகிவிட்டாள். பதினாலாம் நம்பர் பேருந்து. மருத்துவமனை வாசலிலேயே நிற்கிற பேருந்து.

அதைக்கூடப் பல்லவர் பொறுத்திருப்பார். பொறுக்க முடியாததைச் செய்தவர் அவரேதான். முதல் நாள் வேலை முடிந்து அவள் சீருடையோடு வீட்டுக்குள் வந்தபோது கூடத்தில் மச்சான் குடும்பம் உட்கார்ந்திருந்தது. பல்லவர் வாயில் அந்த நேரத்தில் சனி புகுந்தது. "போக்குவரத்துத் துறையில திட்ட அதிகாரியா இருக்கா. இன்னைக்கு ஏதோ சோதனைக்குப் போனாளாம், அதான் இந்த உடுப்பு" என்று சொல்லிவிட்டார். மகள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவரோடு அவள் பேசவில்லை. அவரும் அவளுடைய பேருந்தில் ஏறவில்லை. இரண்டு நிறுத்தம் தள்ளி நடந்துபோய் வேறு நம்பர் பிடித்தார்.

ஒரே கூரையின் கீழ் இருக்கிறவர்கள் பேசாமல் காலம் தள்ள ஒரு தபால்நிலையம் வேண்டும். அது மனைவி. அவள் நீதிமன்றத்தில் தட்டச்சர். சொன்னதைச் சொன்னபடி, ஏற்ற இறக்கமில்லாமல் பதிவு செய்கிறவள்.

"அம்மா, வாட்டர் ஹீட்டர் ஒழுகுதுன்னு அப்பாகிட்ட சொல்லு."

"வாட்டர் ஹீட்டர் ஒழுகுதாம்."

"பாத்துக்கிறேன்னு சொல்லு."

"பாத்துக்கிறாராம்."

மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்துதான்.

இந்த ஆண்டுக் கோடையில்தான் அதில் ஒரு விரிசல் விழுந்தது. இருபத்தெட்டு வருஷம் குனிந்தே கிடந்த முதுகுக்காக டாக்டர் ஓடச் சொன்னார். மச்சான் குழுவில் சேர்த்துக்கொண்டு, தன்னிடமிருந்த பஞ்சு மெத்தை மாதிரி ஷூ ஒன்றைத் தானம் செய்தார். அதைப் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரைப் பாதையில் ஒரு காலை பல்லவர் ஓடிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து சத்தமே இல்லாமல் ஒருத்தி வந்து தாண்டினாள். பத்தடி போனவள் வேகத்தைக் குறைத்தாள். மகள். ஷிஃப்டுக்கு முன்னால் அவளும் அங்கேதான் ஓடுகிறாள் போலிருக்கிறது.

"அப்பா, லாரியிலேருந்து மூட்டை இறக்குற மாதிரி ஓடுறீங்க. அந்த ஷூவக் கழட்டிப் போடுங்க. காலே தரையில படல" என்றாள்.

ஒரு வருஷம் எட்டு மாதத்துக்குப் பிறகு நேரடியாகக் கிடைத்த முதல் வாக்கியம். திட்டுத்தான். ஆனால் நேர்த் திட்டு.

மறுநாளே பல்லவர் மெல்லிய அடி கொண்ட ஷூ வாங்கிவிட்டார். குதிகாலும் முன்பாதமும் ஒரே மட்டம். ஒரு கல்லை மிதித்தால் அந்தக் கல்லின் பூர்வீகம் வரை தெரியும். முதல் இரண்டு வாரம் கெண்டைக்கால் நரம்பு வீணைத் தந்தி மாதிரி விண்ணென்று தெறித்தது, பிறகு சரியானது. அன்றுமுதல் காலை ஐந்தரைக்கு இருவரும் சேர்ந்து ஓடினார்கள். முதல் இரண்டு கிலோமீட்டர் மௌனம். மூன்றாவதில் மகள் பேச ஆரம்பிப்பாள். எந்தத் திருப்பத்தில் எந்தக் கிழவர் கைகாட்டுவார், பணிமனையில் எந்த வண்டிக்கு பிரேக் அழுகிறது, சக ஓட்டுநர் என்ன சொல்லிச் சிரித்தாள். வீடு வந்ததும் மறுபடி தபால்நிலையம்தான். ஏன் அப்படி என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. முகம் பார்க்காமல் ஒரே திசையில் ஓடும்போது சில விஷயம் சுலபம்.

பல்லவருக்கு அவளிடம் சொல்ல ஒரு வாக்கியம் இருந்தது. ஒவ்வொரு நாளும் மூன்றாவது கிலோமீட்டரில் அது தொண்டை வரை வரும். நான்காவதில் மூச்சிரைப்பைச் சாக்காக வைத்துத் திரும்பிப் போய்விடும்.

இப்போது குளிர் வந்துவிட்டது. கோடை ஷூவின் வலைத்துணியில் பனிச்சேறு தங்குதடையின்றிக் குடியேறியது. போன வாரம் அவருடைய விரல்கள் நீலம் பாரித்ததை மகள் பார்த்துவிட்டாள். அன்று இரவுச் சாப்பாட்டில் தபால் வந்தது.

"குளிர் முடியிற வரைக்கும் நீங்க ஓட வேண்டாமாம். விரல் போயிடுமாம்" என்றாள் மனைவி. சற்று நிறுத்தி, பதிவேட்டில் இல்லாத ஒரு வரியைத் தானே சேர்த்தாள்: "குளிர் முடிஞ்சா அவளுக்கு மதிய ஷிஃப்ட். காலைல ஓட மாட்டா. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. ஆக, இந்தக் குளிர்காலம் முழுக்க ஓடினால் உண்டு. இல்லாவிட்டால் அந்த வாக்கியம் தொண்டையிலேயே பிளாஸ்டராக இறுகிவிடும். இப்போது புரிகிறதா, பதினான்காவது ஆளுக்கு ஏன் தூக்கம் போயிற்று என்று?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அமர்க்களமாக நடந்தது. மச்சான் வீட்டுக் கூடத்தில் பதினோரு ஜோடி ஷூக்கள் கண்காட்சிபோல அடுக்கப்பட்டிருந்தன. எதிலும் ஒரு துளி சேறு இல்லை.

"நண்பர்களே, ஷூ என்பது ஷூ அல்ல" என்று தொடங்கினார் மச்சான். ஷூ வேறு என்ன என்பதற்கு நாற்பது நிமிஷம் எடுத்துக்கொண்டார். அது ஓர் உரையாடல். பாதம் கேட்கிறது, பூமி சொல்கிறது. "தடிச்ச அடி இருந்தா பூமி சொல்றது எப்படிய்யா காதுல விழும்? நம்ம முன்னோர் பனியில வெறுங்காலோட மான் துரத்தினாங்க!"

"அந்த முன்னோருக்கெல்லாம் நீ பாலிசி போட்டுக் குடுத்திருப்பியாண்ணா?" என்று சமையலறை வாசலிலிருந்து தங்கை கேட்டாள்.

சிரிப்பு அடங்கியதும் தலைவர் கொள்கை முடிவை வாசித்தார்: குளிர்காலத்திலும் மெல்லிய அடியே, தலைவர் தினமும் எட்டு கிலோமீட்டர் ஓடி, வாய்க்கால் மதகருகே நின்று படம் எடுத்து அனுப்பி முன்மாதிரியாக இருப்பார். எந்த ஷூ, என்ன அளவு, சாக்ஸ் எப்படி என்று பல்லவர் கேட்டதற்கு, "அதெல்லாம் விவரம், மாப்பிள்ளை. நாம கொள்கையப் பேசிக்கிட்டிருக்கோம்" என்றார்.

கொள்கையைப் போட்டுக்கொண்டு ஓட முடியாது. பல்லவர் தன் வித்தையை நம்பினார். கால் மில்லிமீட்டர் பிசகினால் ஒரு மனிதன் ராத்திரியெல்லாம் தூங்கமாட்டான் என்கிற தொழில் அவருடையது. கடைக்குப் போய்க் காலை நுழைத்துப் பார்த்து, 'ம், பரவாயில்லை' என்று வாங்குவதெல்லாம் பாமரர் வேலை. திங்கள்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் கீழ்த்தளக் கதவைச் சாத்தினார். கருவிகள் கழுவும் பெரிய தட்டில் இளஞ்சிவப்பு மாவை நிறையக் கரைத்து ஊற்றினார். தன் சுழல் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, வலது காலை மெல்ல அதில் இறக்கினார். ஜில்லென்று சுகமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து இளம் டாக்டர் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன இது?"

"அச்சு எடுக்கிறேன் டாக்டர்."

"யாருக்கு?"

"கொஞ்சம் பெரிய வாய்" என்றார் பல்லவர்.

டாக்டர் மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

மாலைக்குள் இரண்டு பிளாஸ்டர் பாதங்கள் தயார். நகத்தின் கீறல், சுண்டுவிரல் காய்ப்பு, எல்லாம் அப்படியே. பல்லவர் அவற்றைத் தாடைகளுக்கு நடுவே வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு வருஷத்தில் தனக்காகச் செய்த முதல் அச்சு. கண் கலங்கியது என்று சொன்னால் மிகை. தூசி அதிகம் அந்த அறையில்.

ஷூக் கடையில், பல்லவரின் பையிலிருந்து வெளிவந்த பாதங்களைப் பார்த்துவிட்டுக் கடைப்பெண் ஓரடி பின்வாங்கினாள்.

"பயப்படாதம்மா, என்னோடதுதான். குளிர்ல ஓட மெல்லிசு அடி ஷூ வேணும். இந்த அளவுக்கு."

"சார், நீங்களே வந்திருக்கீங்க. வரும்போது காலையும் கூட்டிக்கிட்டுத்தான வந்திருக்கீங்க? கழட்டுங்க, அளந்துடலாம்."

"கால் காலையில ஒண்ணு இருக்கும், சாயங்காலம் ஒண்ணு இருக்கும். பிளாஸ்டர் மாறாது."

இது வெளியே சொன்ன காரணம். உண்மைக் காரணம், அன்று அவர் போட்டிருந்த சாக்ஸில் வலது கட்டைவிரல் ஜன்னலைத் திறந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒரு தடவ நின்னாவது பாருங்க சார்" என்று அவள் இரும்பு அளவுப் பலகையை நீட்டினாள். பல்லவர் புன்னகைத்தார். டாக்டர்கள் அவரைப் பார்த்து இருபத்தெட்டு வருஷம் புன்னகைத்த அதே புன்னகை. அதை மற்றொருவர்மேல் பிரயோகிக்கக் கிடைத்த வாய்ப்பை அவர் விடவில்லை.

கடைப்பெண் தோளைக் குலுக்கிக்கொண்டு பிளாஸ்டர் பாதங்களை அளந்தாள். அந்த ரகம் கையிருப்பில் இல்லை. வெளியூரிலிருந்து தருவிக்க வேண்டும். தருவித்தால் திருப்பி எடுக்கமாட்டார்கள். பல்லவர் கையெழுத்துப் போட்டார்.

பத்து நாளில் ஷூ வந்தது. கறுப்பு. ஆறு மில்லிமீட்டர் அடி, பனியில் பிடித்துக்கொள்ளும் ரப்பர் முட்கள், தண்ணீர் இறங்காத துணி, கணுக்கால் வரை கழுத்து. மேசையில் வைத்து பிளாஸ்டர் பாதத்தை உள்ளே விட்டுப் பார்த்தார். உறைக்குள் கத்தி மாதிரி போய் உட்கார்ந்தது. தன் காலை விட்டுப் பார்க்கத் தோன்றவே இல்லை. பெட்டி மூடியைப் படிக்கவும் தோன்றவில்லை. நிபுணர்கள் மூடியைப் படிப்பதில்லை.

மறுநாள் விடியலில் உறைபனி. பாதையோரப் புல்லெல்லாம் நரைத்துக் கிடந்தது. பல்லவர் கம்பளி சாக்ஸைப் போட்டுக்கொண்டு ஷூவுக்குள் காலை விட்டார். கால் போகவில்லை. தள்ளினார். குதிகாலில் கரண்டிக் காம்பை விட்டு நெம்பினார். போயிற்று. ஐந்து விரல்களும் நெரிசல் நேரப் பேருந்தில் நிற்பதுபோல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. புதுசு, இளகும் என்று நினைத்துக்கொண்டார்.

வாசலில் தனியாகக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் அவர் காலைப் பார்த்தாள். புருவம் உயர்ந்தது. ஓட ஆரம்பித்தாள். அந்தப் புருவத்துக்காக எத்தனை விரலையும் கொடுக்கலாம் என்று தோன்றியது பல்லவருக்கு.

முதல் கிலோமீட்டரில் வலித்தது. இரண்டாவதில் எரிந்தது. மூன்றாவதில் ஒன்றுமே தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஆனால் மூன்றாவதில்தானே அவள் பேசுவாள்? பேசினாள்.

"நேத்து ஒரு அம்மா ஏறினாங்க. பல்லக் காட்டி, 'புதுசு, நல்லாருக்கா'ன்னு கேட்டாங்க. எங்க போட்டீங்கன்னேன். உங்க ஆஸ்பத்திரி பேரச் சொன்னாங்க."

"ஓ."

"எங்கப்பா செஞ்சதுன்னு சொன்னேன்."

பல்லவரின் கால் இடறியது. பாதத்துக்குப் பதிலாக இரண்டு மரக்கட்டைகள் வந்து நின்றால் யாருக்கும் இடறும். இன்னும் நாலு அடி நொண்டினார். அவ்வளவுதான். மகள் அவர் தோளைப் பிடித்து, பாலத்தடியில் இருந்த பேருந்து நிழற்குடைக்குள் உட்காரவைத்தாள். குனிந்து ஷூவை இழுத்தாள். வரவில்லை. தூணில் தன் காலை ஊன்றி இழுத்தாள். பிடுங்கிக்கொண்டு வந்தது. மற்றதும் அப்படியே. ஒரு சாக்ஸை உருவினாள். உள்ளே விரல்கள் மெழுகு நிறத்தில்.

"என்னப்பா இது? போட்டுப் பாக்காமயா வாங்கினீங்க?"

வேறு வழியில்லை. மாவு, தட்டு, நாற்காலி, டாக்டர், கடைப்பெண், ஓட்டை சாக்ஸ், எல்லாவற்றையும் ஒப்பித்தார். மகள் கேட்டுக்கொண்டே விரல்களைத் தேய்த்தாள்.

"உக்காந்துக்கிட்டு எடுத்தீங்களா?"

"என் தொழில்ல எல்லாரும் உக்காந்துதானே வாயத் திறப்பாங்க?"

"வாய் மேலயாப்பா உடம்பு நிக்குது? நின்னா கால் பரவும், நீளும். அதுக்கு மேல கம்பளி சாக்ஸ் வேற. விரல் ஆடணும், சுத்திக் காத்து நிக்கணும். இறுக்கிப் போட்டா ரத்தமே ஓடாது. அப்புறம் கம்பளி என்ன, கரடித்தோல் போட்டாலும் விறைக்கும்."

சொல்லிக்கொண்டே வந்தவள் திடீரென்று சிரித்தாள். முதலில் மூக்கால், பிறகு வயிற்றால், பிறகு நிழற்குடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு. "பெரிய வாய்னா சொன்னீங்க டாக்டர்கிட்ட!" இரண்டு வருஷமாக அந்தச் சிரிப்பு கதவுக்கு அந்தப் பக்கம்தான் கேட்டிருந்தது.

பல்லவருக்கு இதுதான் தருணம் என்று பட்டது. தொண்டையைச் செருமினார். பிரமாதமான ஒரு வாக்கியம் தானாகவே உருவாகி வந்தது. "அம்மா, நான் உன்னையும் அப்படித்தான்... நீ நிக்கிறதப் பாக்காம... உக்காத்திவெச்சே அளவெடுத்த—"

"அப்பா, வசனம் அப்புறம். மொதல்ல அந்த சாக்ஸயும் கழட்டுங்க, ஈரமா இருக்கு" என்றாள் மகள்.

தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி அவருடைய வலது காலில் மாட்டினாள். அவர் தொப்பியை இடது காலில் மாட்டினாள். அவளுடையதில் ஒரு பஞ்சுப் பந்து தொங்கியது.

பதினாலாம் நம்பர் பேருந்து வந்து நின்றது. ஓட்டுநர் இருக்கையில் மகளின் சக ஓட்டுநர், உருண்டை முகப் பெண். இரண்டு தொப்பிகளில் நடந்து ஏறிய மனிதரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவரா? அந்த அப்பாவா?"

"அந்த அப்பாதான்."

"திட்ட அதிகாரியோட அப்பா" என்றாள் ஓட்டுநர். "வாங்க சார், உக்காருங்க. நம்ம வண்டிதான்."

பல்லவர் உட்காரப் போனவர் பின் இருக்கையைப் பார்த்து நின்றுவிட்டார். அங்கே, ஓட்ட உடையில், நெற்றியில் வியர்வைப் பட்டை கட்டி, முழங்கால் வரை ரோமம் வைத்த பூட்ஸ் போட்டு, கதகதப்பாக உட்கார்ந்திருந்தார் விடியல் வீரர்களின் தலைவர். ஒவ்வொரு பூட்ஸும் ஒரு தலையணைக் கனம். மடியில் ஒரு ஜோடி மெல்லிய ஷூ, படத்துக்காக.

"மச்சான்?"

"மாப்பிள்ளை! இன்னைக்கு மட்டும்... கணுக்கால் கொஞ்சம்..."

"தினமும் மதகு நிறுத்தத்துல இறங்குவாரு" என்று ஓட்டுநர் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள். "ஷூ மாத்துவாரு, படம் எடுப்பாரு, எதிர் பஸ் பிடிப்பாரு. பன்னெண்டு நாளாச்சு."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று பல்லவர் மகளிடம் கிசுகிசுத்தார்.

"பஸ் ஓட்டுறவங்களுக்குத் தெரியாதது ஊர்ல எதுப்பா இருக்கு?"

மச்சானின் கண் மெதுவாகக் கீழே இறங்கி, பல்லவரின் இடது தொப்பி, வலது தொப்பி, பஞ்சுப் பந்து என்று நகர்ந்தது. இரு தரப்பிலும் ஆயுதம் இருந்தது. மதகு வருவதற்குள் உடன்படிக்கை ஆகிவிட்டது: தொப்பியைப் பற்றி இவர் பேசமாட்டார், பேருந்தைப் பற்றி அவர் பேசமாட்டார். மகள் மட்டும் ஒரு நிபந்தனை சேர்த்தாள். "மாமா, உங்க கால் என்ன சைஸ்?" அப்பாவின் புது ஷூவை எடுத்து நீட்டினாள். மச்சான் போட்டு, எழுந்து நின்று பார்த்தார். அளவெடுத்துச் செய்ததுபோலப் பொருந்தியது. அந்தக் காலையிலிருந்து, பாவம், ஓடாமலிருக்க அவருக்கு ஒரு காரணமும் இல்லாமல் போயிற்று.

அன்று இரவு மகள் ஷூப்பெட்டியின் மூடியைத் திருப்பிச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். உள்பக்கம் படத்தோடு எழுதியிருந்தது: கனத்த சாக்ஸ் அணிந்து, நின்றபடி அளவெடுக்கவும். மனைவி அதை ஏற்ற இறக்கமில்லாமல் இரண்டு முறை வாசித்துக் காட்டினாள், பதிவுக்காக.

அடுத்த ஞாயிறு அப்பாவும் மகளும் சேர்ந்து கடைக்குப் போனார்கள். பல்லவர் ஓட்டையில்லாத கம்பளி சாக்ஸ் போட்டு, அளவுப் பலகைமேல் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றார். "இப்ப காலையும் கூட்டிட்டு வந்திருக்கேம்மா" என்றார். கடைப்பெண் பெரிய மனசு பண்ணிச் சிரித்தாள்.

குளிர்காலம் முழுக்க ஓடினார்கள். உறைபனியில், பனிச்சேற்றில், மூச்சு புகையாகப் போகும் இருட்டில். விரல்கள் ஷூவுக்குள் சொந்த வீட்டில் இருப்பதுபோலக் காலை நீட்டிக்கொண்டன. ஓட்டம் பணிமனை வாசலில் முடியும். அவள் சீருடை மாற்றி வண்டியை எடுப்பாள். பல்லவர் அதே வண்டியில் ஓட்டுநருக்குப் பின்னிருக்கையில் உட்கார்ந்து வேலைக்குப் போவார். எதிரே 'ஓட்டுநரிடம் பேசாதீர்' என்று பலகை. அவர் சட்டத்தை மதிக்கிறவர். ஆகவே பேச்செல்லாம் பாதையிலேயே.

குளிர் உச்சத்தில் இருந்த ஒரு காலை, மூன்றாவது கிலோமீட்டரில், எந்தத் தயாரிப்பும் இல்லாமல் அந்த வாக்கியம் வெளியே விழுந்தது. அலங்காரமெல்லாம் எங்கோ வழியில் கழன்றிருந்தது.

"அன்னைக்கு நான் பொய் சொன்னேன். தப்பு."

மகள் வேகத்தைக் குறைக்கவில்லை. "என்னைக்கு?"

"மாமா வந்திருந்தப்ப."

"அது ஒண்ணுதானா? என்கிட்ட லிஸ்ட் இருக்கு."

"எவ்வளவு பெருசு?"

"ஓடுங்கப்பா. குளிர் இன்னும் ரெண்டு மாசம் இருக்கு" என்றாள். சற்றுக் கழித்து, "ஷிஃப்ட் மாறினா வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி மத்தியானம் ஓடலாம். லஞ்ச் டயத்துல கால மாவுல விட்டுக்கிட்டு உக்காந்திருக்கறதுக்கு இது பரவாயில்ல" என்றாள்.

குளிர் முடிந்ததும் விடியல் வீரர்களின் ஆண்டுக் கூட்டம். பதினான்கு பேரில் ஷூ மாற்றிய நாள்முதல் குளிர் முடியும்வரை ஒருநாள் விடாமல் ஓடியவர் பல்லவர் ஒருவரே. தலைவர் நாற்பத்தொரு நாள் ஓடி, நிஜமாகவே மூன்று கிலோ இளைத்திருந்தார். அதனால் முன்பைவிடப் பேச்சில் தெம்பு கூடியிருந்தது. "பாதம் கேட்டது, பூமி சொன்னது" என்று தொடங்கி, விடாமுயற்சி, தவம், மெய்ஞ்ஞானம் ஆகிய நிறுத்தங்களில் எல்லாம் நின்று, "பனியை வென்ற அந்த மகா ரகசியத்தை இப்போது மாப்பிள்ளை வெளியிடுவார்" என்று முடித்தார். கைதட்டல்.

பல்லவர் எழுந்தார். சட்டைப்பையில் நான்கு பக்க உரை இருந்தது. நீதிமன்றத் தட்டச்சில், பிழையில்லாமல். பின்வரிசையில், ஷிஃப்டுக்குப் போகும் அவசரத்தில் சீருடையோடு மகள் கதவோரம் நின்றிருந்தாள். பல்லவர் காகிதத்தை எடுக்கவில்லை.

"கதவுகிட்ட நிக்கிறது என் பொண்ணு. பதினாலாம் நம்பர் பஸ் ஓட்டுறா" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தொப்பியைக் கழற்றவில்லை. "ரகசியம் அவ சொன்னதுதான்."

ஒருவர் குறித்துக்கொள்ளப் பேனாவைத் திறந்தார்.

"ஒரு சைஸ் பெருசா வாங்கணும்" என்று சொல்லிவிட்டுப் பல்லவர் உட்கார்ந்தார்.